நஹானி டிராப்பும் நாலாயிரம் வருஷ நாற்றமும்

மக்களே, தலைப்பைப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம். இது சாக்கடை பற்றிய பதிவுதான், ஆனால் கொஞ்சம் சரித்திரமும் உண்டு. கடைசியில் ஒரு கதையும் உண்டு. அதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு நீட்டி முழக்கப் போகிறேன்.

போன மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போய் 20 நாள் இருந்துவிட்டு, வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு புனே திரும்பினோம். ரயிலில் ஒண்ணரை நாள் உட்கார்ந்து வந்த களைப்பு. பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியதும் குப்பென்று ஒரு நாற்றம். அம்மா உள்ளே காலை வைக்கவே இல்லை.

"எய்யா, உள்ள எலி எதுவும் செத்துக் கெடக்கா?"

எலி இல்லை. வாசம் பிடித்துக்கொண்டே போனால் அது விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பாத்ரூமில் போய் நின்றது. ஷவருக்குக் கீழே தரையில் இருக்கும் ஜாலியிலிருந்து வருகிறது. அம்மாவுக்காக ஒதுக்கி வைத்த அதே பாத்ரூம்!

"ஜன்னலைத் தெறந்து வச்சிட்டு வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்று தங்கமணி ஆரம்பித்தார். நான் வழக்கம்போல காது கேட்காத மாதிரி களத்தில் இறங்கினேன். முதல் நாள் அரை பாட்டில் பினாயில். மறுநாள் ஜாலிக்கு மேலே நாலு அந்துருண்டை. அதற்கு மறுநாள் ரூம் பிரஷ்னர் அடித்ததில் செத்த எலிக்கு மல்லிகைப்பூ மாலை போட்ட மாதிரி ஆயிற்று. அப்புறம் டாய்லெட் கழுவுகிற ஆசிட்டை ஜாலியைச் சுற்றித் தரையெல்லாம் தேய்த்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம். பினாயில் ஊற்றிய நாளும் ஆசிட் ஊற்றிய நாளும் நாற்றம் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கும், மறுநாள் வந்துவிடும்.

எனக்கு வந்ததே கோபம். மெயின்டனன்ஸ் என்று மாசாமாசம் வாங்குகிறார்களே, கீழே சேம்பரைச் சுத்தம் பண்ணுகிறார்களா இல்லையா? அன்று ராத்திரியே எங்கள் சொசைட்டிக்கு ஒரு காட்டமான மெயில் தட்டினேன். "எங்கள் விங்கில் தாங்க முடியாத துர்நாற்றம். சேம்பர் அடைத்திருக்கிறது. உடனடியாக ஆள் வைத்துச் சுத்தம் செய்யவும்." ஆள் வைத்து. இந்த இரண்டு வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

சனிக்கிழமை ஒரு பிளம்பர் வந்தார். அறுபது வயசிருக்கும், மராட்டிக்காரர். நான் காகா என்று கூப்பிட்டேன், அவர் என்னை சாஹேப் என்றார். இருவருக்கும் பொதுவாக ஒரு நொண்டி ஹிந்தி. ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ஒரு மக் தண்ணீர் கேட்டார். ஊற்றினார். இன்னொரு மக். ஊற்றிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு டீ இருக்கா என்று கேட்டார். டீ குடித்து முடிப்பதற்குள் நாற்றம் போய்விட்டது.

"நஹானி டிராப் காய்ந்துபோச்சு சாஹேப். இருபது நாள் தண்ணி விடலை, வெயில் வேற. அவ்வளவுதான்."

அவ்வளவுதானா! நான் ஆசிட்டைத் தரையில் தேய்த்ததற்குப் பதில் ஒரு வாளித் தண்ணீர் விட்டிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்கும். பினாயில் ஊற்றிய அன்று அடங்கியது பினாயிலின் மகிமை இல்லையாம், அது கொஞ்ச நேரம் மேலே போட்ட போர்வை. வந்ததற்கு நூறு ரூபாய் கொடுத்தேன். இன்னொரு நூறை நீட்டியபோது, ரெண்டு மக் தண்ணிக்கு இதுவே அதிகம் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அதென்ன நஹானி? அன்றைக்கே பக்கத்து வீட்டு ஆஜியிடம் (பாட்டியிடம்) கேட்டேன். மராட்டியில் ந்ஹாணி என்றால் குளிக்கிற இடம். பழைய வீடுகளில் ஒரு மூலையில் கல் பாவி, ஓரத்தில் ஓட்டை விட்டிருப்பார்களே, அது. வெள்ளைக்காரன் காலத்து மேற்கிந்தியக் கட்டட வேலையில் ஒட்டிக்கொண்ட அந்தச் சொல் இன்றைக்கு இந்தியா முழுக்கப் புழங்குகிறது. நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில்கூட "நானி டிராப்" என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னதும், "அது நம்ம அங்கணம்லா" என்றார். சட்டென்று ஒரு கொசுவர்த்தி சுற்றியது. ஊர் வீட்டில் அடுப்படிக்குப் பின்னால், பாத்திரம் கழுவி, கை கால் கழுவி, சின்னப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற பள்ளமான இடம். அதற்கு அங்கணம், அங்கணக்குழி என்று பெயர். இந்தச் சொல் திருக்குறளில், அவையறிதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. அத்தனை பழைய சொல். எங்கள் வீட்டு அங்கணத்துத் தண்ணீர் ஒரு ஓட்டை வழியாகப் போய் வாழைக்குப் பாயும். திறந்த வெளி, வெயில், காற்று. அங்கே டிராப்பும் தேவையில்லை, அது இல்லாததால் நாற்றமும் இல்லை. குளிக்கிற இடத்தை வீட்டுக்குள்ளே, படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலே கொண்டுவந்து, அதன் குழாயை ஊர்ச் சாக்கடையோடு சேர்த்த பிறகுதான் தொல்லை ஆரம்பம்.

அந்த வேலையை மனுஷன் எப்போது ஆரம்பித்தான் என்று தேடிப் படித்ததில் நாலு ராத்திரி போனது. படித்ததைச் சுருக்கமாக (நிஜமாகவே சுருக்கமாக!) சொல்கிறேன்.

முதலில் நம்ம பக்கத்திலிருந்தே. ஆபீஸ் வேலையாக ஒருமுறை அகமதாபாத் போனபோது லோத்தல் பார்க்கப் போயிருந்தேன். சிந்துவெளி நாகரிகத்தின் ஊர், நாலாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. எல்லோரும் கப்பல்துறை என்று சொல்லப்படுகிற பெரிய தொட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிடித்தது வரிசையாக இருந்த குளிக்கும் மேடைகள். செங்கல்லை இடுக்கு விடாமல் பாவி, ஒரு மூலைக்குச் சரிவு வைத்து, அங்கிருந்து வாய்க்கால் எடுத்திருக்கிறார்கள். மொகஞ்சதாரோவிலும் இதேதான். 1924ல் ஜான் மார்ஷல் இந்த நாகரிகத்தை உலகத்துக்கு அறிவித்தபோது மற்றவர்கள் மூக்கில் விரல் வைத்ததற்கு இந்தச் சாக்கடைகளும் ஒரு காரணம். அநேகமாக எல்லா வீட்டிலும் குளியல் மேடை. வீட்டுத் தண்ணீர் தெருவில் மூடிய சாக்கடைக்குப் போகும். நடுநடுவே கசடு தங்க ஒரு குழி. குழிக்கு மேலே எடுத்து வைக்கக்கூடிய மூடி.

மூடி எதற்கு? திறந்து கசடை அள்ளத்தான். அள்ளியது யார்? அவர்களைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கேள்வியையும் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இங்கிலாந்துக்குப் போவோம். 1596ல் சர் ஜான் ஹாரிங்டன் என்கிற பிரபு தண்ணீர் விட்டு அலசுகிற கக்கூஸ் ஒன்றை வடிவமைத்தார். அவருக்கு ஞானத்தாய் சாட்சாத் முதலாம் எலிசபெத் ராணி. இருந்தாலும் அது பெரிதாகப் பரவவில்லை. குழாய்க்கும் குழிக்கும் நடுவில் காற்றைத் தடுக்க உருப்படியாக ஒன்றும் கிடையாது. கழிவு கீழே போகிற வழியிலேயே நாற்றம் மேலே வரலாம்.

இதற்கு விடை கிடைக்க 1775 வரை ஆயிற்று. கண்டுபிடித்தவர் ஒரு கடிகாரக்காரர்! பெயர் அலெக்சாண்டர் கம்மிங். எடின்பரோவில் பிறந்து லண்டனில் கடை வைத்தவர். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு, காற்றழுத்தத்தைத் தானே பதிவு செய்கிற கடிகாரம் செய்து கொடுத்தவர். அவர் அந்த வருஷம் வாங்கிய காப்புரிமையில் குழாயை ஆங்கில எஸ் எழுத்து மாதிரி வளைத்தார். ஒவ்வொரு தடவை தண்ணீர் ஊற்றும்போதும் கடைசியாகப் போகிற கொஞ்சம் தண்ணீர் அந்த வளைவில் தங்கிவிடும். அந்தத் தண்ணீரே கதவு. கழிவு அதைத் தள்ளிக்கொண்டு போகலாம், காற்று அதைத் தாண்டி வர முடியாது. மூன்று வருஷம் கழித்து ஜோசப் பிராமா அந்தக் கக்கூஸின் வால்வை இன்னும் நன்றாகச் செய்தார். ஆனால் வளைவு கம்மிங்குடையது. இன்றைக்கு உங்கள் வாஷ்பேசினுக்குக் கீழே குனிந்து பாருங்கள், அதே வளைவுதான். தரையில் இருக்கும் நஹானி டிராப்பும் அதே வித்தைதான், கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரியோ வளைந்தோ இருக்கும். அதில் நிற்க வேண்டியது சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர். நமக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் நடுவே அரண் அந்த இரண்டு அங்குலம்தான். புழங்காமல் விட்டால் அதுவும் ஆவியாகிப் போய்விடும்.

சரி, வளைவு வந்தாயிற்றே, நாற்றம் ஒழிந்ததா? இல்லை, அதற்கப்புறம்தான் உச்சத்துக்குப் போனது. லண்டனில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் வந்தது. எல்லாம் கடைசியில் தேம்ஸ் நதியில். 1858 கோடையில் வெயில் ஏற ஏற நதியே நாறியது. நதிக்கரையில் இருந்த நாடாளுமன்றத்தில் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த சாக்கடைத் திட்டத்துக்கு 18 நாளில் சட்டம் போட்டார்கள். தன் மூக்குக்கு வந்தால்தான் தெரியும் என்பது எல்லா ஊர் அரசியல்வாதிக்கும் பொது.

வேலையை எடுத்துச் செய்தவர் ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர். நதியில் விழுந்துகொண்டிருந்த சாக்கடைகளையெல்லாம் வழிமறித்து ஊருக்குக் கீழே கொண்டுபோய்விட 82 மைல் நீளத்துக்குப் பெரிய செங்கல் சுரங்கங்கள். முக்கியப் பகுதிகள் 1865ல் திறக்கப்பட்டன. லண்டனில் காலரா நின்றது. ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர்கள் இதைக் கட்டியது நாற்றத்தை ஒழிக்க. ஏனென்றால் நாற்றம்தான் நோய் என்று அன்றைய படித்தவர்கள் நம்பினார்கள். கெட்ட காற்றை மூச்சில் இழுத்தால் காலரா வரும் என்பது அப்போதைய விஞ்ஞானம். எட்வின் சாட்விக் மாதிரி சுகாதாரத்துக்காக உழைத்த பெரிய மனிதர்களே அப்படித்தான் நினைத்தார்கள். 1854ல் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், ஒரே தெருவில் ஒரே அடிபம்புத் தண்ணீர் குடித்தவர்கள்தான் சாகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துக் காட்டியும் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1866ல் காலரா மறுபடி வந்தபோது, புதுச் சாக்கடை இன்னும் முழுதாக இணைக்கப்படாத கிழக்கு லண்டனில்தான் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். 1884ல் ராபர்ட் காக் நம்ம கல்கத்தாவில் உட்கார்ந்து காலராக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். கிருமி தண்ணீரில்தான் இருந்தது. தப்பான காரணத்துக்காகச் சரியான வேலையைச் செய்திருக்கிறார்கள்.

இதற்கு நடுவே 1871ல் இளவரசர் எட்வர்டுக்கு டைபாய்டு வந்து பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. அவர் தங்கியிருந்த பிரபு வீட்டுச் சாக்கடைதான் காரணம் என்று பேச்சு. அவ்வளவுதான், பணக்காரர்கள் எல்லோருக்கும் தங்கள் வீட்டுக் குழாய்மேல் பயம் வந்துவிட்டது. டிராப், அதன் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடாமல் இருக்கக் கூரைக்கு மேலே போகும் காற்றுக் குழாய், இதெல்லாம் ஒழுங்காகப் பொருத்தத் தெரிந்த பிளம்பருக்குத் திடீர் மரியாதை. உங்கள் அபார்ட்மெண்ட் சுவர் ஓரமாக மொட்டைமாடிவரை ஏறி வாய் திறந்து நிற்கிறதே ஒரு குழாய், அதன் கதை இதுதான்.

நாற்றம்தான் நோய் என்கிற அந்த நம்பிக்கை கப்பல் ஏறி இங்கேயும் வந்தது. நான் இப்போது இருக்கும் ஊருக்கு அது செய்த வேலையைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. 1896 செப்டம்பரில் பம்பாய் மாண்டவியில் பிளேக். முதலில் கண்டறிந்து சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். பிளேக் கிருமியை 1894லேயே ஹாங்காங்கில் யெர்சின் பார்த்துவிட்டார். ஆனால் அது எப்படிப் பரவுகிறது என்று தெரியாது. எனவே பழைய நம்பிக்கைப்படி சாக்கடைகளைக் கடல்நீராலும் கார்பாலிக் அமிலத்தாலும் அலசினார்கள். வீடுகளைச் சுரண்டி வெள்ளையடித்தார்கள், கூரையைப் பிரித்து வெளிச்சம் விட்டார்கள். நோயோ எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சியில் ஏறி வீட்டுக்கு வீடு போய்க்கொண்டிருந்தது. பால் லூயி சிமோன் அதைக் கண்டுபிடித்தது 1898ல்.

அதற்குள் புனேயில் எல்லாம் முடிந்துவிட்டது. 1897ல் ரேண்ட் என்ற அதிகாரியின் கீழ் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்தார்கள். நோயாளிகளை இழுத்துப் போனார்கள், சாமான்களை எரித்தார்கள், பெண்கள் இருக்கும் அறைக்குள்ளும் போனார்கள். ஊர் கொதித்தது. ஜூன் 22ந்தேதி ராத்திரி, விக்டோரியா ராணியின் வைரவிழா விருந்திலிருந்து திரும்பும்போது கணேஷ்கிண்ட் சாலையில் ரேண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த சம்பவம். அதே வருஷம் மார்ச் 10ந்தேதி, பிளேக் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்த சாவித்ரிபாய் புலே அதே நோயில் இறந்தார். நான் தினமும் ஆபீஸ் போகிற வழி கணேஷ்கிண்ட் சாலைதான். இத்தனை வருஷமாக டிராபிக்கைத் திட்டுவதைத் தவிர அந்தச் சாலையைப் பற்றி வேறெதுவும் யோசித்ததில்லை.

ஆக நாற்றம் வேறு, நோய் வேறு என்று விஞ்ஞானம் முடிவு கட்டியது. அதோடு விஷயம் முடிந்ததா என்றால், 2003 மார்ச்சில் ஹாங்காங்கில் ஒரு திருப்பம். அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் நோய் தாக்கியது, 42 பேர் இறந்தார்கள். நோயாளி ஒருவர் அங்கே ஒரு வீட்டுக்கு வந்து கழிவறையைப் பயன்படுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். மேல்மாடி, கீழ்மாடி என்று எப்படிப் பரவியது? விசாரித்ததில் பாத்ரூம் தரை டிராப்புகள் காய்ந்து கிடந்தது தெரிந்தது. அங்கே தரையில் தண்ணீர் விட்டு அலசாமல் ஈரத்துணியால் துடைப்பது வழக்கம். டிராப்பில் தண்ணீர் இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் சாக்கடைக் குழாயின் காற்று, நுண்துளிகளோடு வீட்டுக்குள் வந்திருக்கிறது. காய்ந்த நஹானி டிராப், மக்களே! எங்கள் வீட்டில் 20 நாள் காய்ந்து கிடந்ததே, அதே சங்கதி. இதைப் படித்த ராத்திரி எழுந்து போய் இரண்டு பாத்ரூமிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். "மணி ரெண்டு" என்றார் தங்கமணி, கண்ணைத் திறக்காமலே.

இப்போது கதைக்கு வருகிறேன்.

பிளம்பர் காகா வந்துபோனது சனிக்கிழமை. மறுநாள் காலையில் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா கத்தினார். "எய்யா, இங்க வா. சீக்கிரம் வா." எட்டிப் பார்த்தேன். எங்கள் விங்குக்குப் பக்கத்தில் சேம்பர் மூடி திறந்து கிடக்கிறது. விளிம்பில் ஒரு பையன், இருபத்து மூன்று இருபத்து நாலு வயசிருக்கும், கால் இரண்டையும் உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அரையில் ஒரு கயிறு. கையில் மூங்கில் பட்டை. முகமூடி இல்லை, கையுறை இல்லை. பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி இன்னொருவர், செல்போனில் பேசிக்கொண்டு சூப்பர்வைசர்.

இறங்கி ஓடினேன். என்ன நடக்கிறது என்று கேட்டதற்கு சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்க கம்ப்ளெயின்ட்தான் சாஹேப். ஆள் வைக்கச் சொல்லி நீங்கதானே மெயில் போட்டீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஏனென்றால் அந்த நாலு ராத்திரியில் முதல் ராத்திரி நான் படித்தது சாக்கடை வாயுவைப் பற்றித்தான். அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறதே, அது ஹைட்ரஜன் சல்பைடு. நம் மூக்கு அதை மிக மிகக் குறைந்த அளவிலேயே, காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே, கண்டுபிடித்துவிடும். பாத்ரூமில் நாறுகிற அளவு நமக்கு எரிச்சல்தான், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் மூக்கு மரத்துப் போய்விடும். நாற்றமே தெரியாது. போய்விட்டது என்று நினைப்போம். ஆயிரம் பங்கு இருந்தால் இரண்டொரு மூச்சில் ஆள் காலி. மூடிக்கிடந்த சேம்பரில் கசடைக் கிளறினால் அடியில் தேங்கியது குபுக்கென்று கிளம்பும். முதலில் இறங்கியவர் விழுவார், தூக்கப் போன இரண்டாமவரும் விழுவார். செய்தித்தாளில் வருஷாவருஷம் பார்க்கிறோமே, இரண்டு பேர் மூன்று பேராகச் சாவது இதனால்தான்.

நான் படித்தது எனக்கே உறைக்காமல் நிற்கும்போது, அம்மா எட்டு மாடியும் லிப்டில் இறங்கி வந்துவிட்டார். மராட்டியும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. நேரே அந்தப் பையனிடம் போய், "எறங்காதய்யா, மேல வா, எந்திரி" என்று கையை நீட்டினார். அவன் சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தான். சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. நாற்றம் சேம்பரால் இல்லை, என் வீட்டு டிராப் காய்ந்ததுதான், என் மெயில் தப்பு என்றேன். 2013ல் வந்த சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளைச் சாக்கடையில் இறக்கினால், முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம் என்றும் சொன்னேன். கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். "திறந்தது திறந்தாச்சு, அஞ்சு நிமிஷ வேலை" என்றார் ஒருவர். அம்மா நகரவில்லை. பையன் எழுந்துவிட்டான்.

அன்றைய கூலியை இருவருக்கும் நானே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவன் சொன்னது: "இன்னிக்கு சரி சாஹேப். நாளைக்கு வேற பில்டிங்."

அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இந்த வேலைக்கு எதிராக 1993லேயே ஒரு சட்டம் வந்தது. அது போதவில்லை என்று 2013ல் இன்னொன்று. 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம், சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. இதற்காகவே வாழ்நாள் முழுக்கப் போராடும் பெஜவாடா வில்சனுக்கு 2016ல் மகசேசே விருது கிடைத்தது. இவ்வளவும் இருக்கும்போதுதான், நன்றாகப் படித்து, ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற நான், ஒரு மக் தண்ணீரில் தீருகிற விஷயத்துக்கு "ஆள் வைத்து" என்று மெயில் போட்டேன். யாரை, எங்கே, எப்படி இறக்குவார்கள் என்று ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. இதை நான் ஏதோ தியாகி மாதிரி எழுதவில்லை. அம்மா துணி காயப்போட வராமல் இருந்திருந்தால் நான் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

மொகஞ்சதாரோவில் மூடியைத் திறந்து அள்ளியது யார் என்று கேட்டேன் அல்லவா? லண்டனிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் கட்டியவர்கள் பெயர் இருக்கிறது, அடைப்பை எடுத்தவர்கள் பெயர் இல்லை. கம்மிங்கின் வளைவு வீட்டுக்குள் இருக்கிறவனைக் காப்பாற்றுகிறது. குழாயின் மறுமுனையில் நிற்கிறவனுக்கு நடுவில் எந்தத் தண்ணீரும் இல்லை. நம் நாட்டில் அந்த முனையில் யார் நிற்கிறார்கள், எந்தச் சாதிக்காரர்கள் நிற்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாலு நாள் கழித்து உறிஞ்சுகிற வண்டி வந்து அரை மணியில் சேம்பரைச் சுத்தம் செய்தது. கூடுதல் செலவை எல்லா வீட்டுக்கும் பிரித்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், இன்னமும் லிப்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒருவர் உண்டு. இனி எங்கள் சொசைட்டியில் ஆளை இறக்குவதில்லை என்று மினிட்ஸில் எழுத வைத்திருக்கிறோம். அடுத்த மழைக்காலம் வரட்டும், எழுதினது நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

கடைசியாக, நம்மைப் போல வருஷத்துக்கு ஒருமுறை வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு ஓடுகிற குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்:

கிளம்புகிற அன்று எல்லா பாத்ரூம் ஜாலியிலும் பால்கனி ஜாலியிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் மேலே படர்ந்து, தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும். புழங்காத பாத்ரூமுக்கு வாரம் ஒரு தடவை தண்ணீர் விடுங்கள்.

தினமும் புழங்கியும் நாறினால், ஜாலியைக் கழற்றி முடியையும் சோப்பு வழுவழுப்பையும் பழைய பிரஷ்ஷால் எடுங்கள். உள்ளே கழற்றி மாட்டுகிற கிண்ணம் இருந்தால், தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று அதை எடுத்து பரணில் போட்டுவிடாதீர்கள். (இன்னொரு பாத்ரூமில் நான் செய்திருந்தது அதுதான். காகா போன பிறகு தேடி எடுத்தேன், தங்கமணியிடம் சொல்லவில்லை.)

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றவே ஊற்றாதீர்கள். குளோரின் வாயு வரும், அது நாற்றத்தைவிடப் பொல்லாதது.

இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால் சேம்பரைப் பார்க்கத்தான் வேண்டும். அப்போது மெயில் போடுங்கள், "மிஷின் வைத்து" என்று எழுதிப் போடுங்கள். அனுப்பிவிட்டு, அன்றைக்குக் கீழே இறங்கியும் பாருங்கள்.

அம்மா ஊருக்குத் திரும்பியாயிற்று. போனில் பேசும்போதெல்லாம் பேத்தியை விசாரித்த கையோடு, "அங்கணத்துல தண்ணி ஊத்துனியா?" என்று கேட்கிறார். ஊற்றினேன் அம்மா. அந்தப் பையன் என்ன ஆனான் என்றும் கேட்கிறார். அதற்குத்தான் இன்னும் பதில் இல்லை.